புவனேஸ்வரி வீட்டில் தியானம் நடந்த மாதம்

நாகலூரில் புவனேஸ்வரியின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மளிகைக் கடை அம்மாசி. அவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் அவளுடைய வீட்டுக்காரர் தனபால். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் பஸ் டிரைவர். நாகலூரிலிருந்து சேலத்துக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் காலை ஐந்தரைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால், பொழுது போய்த்தான் வீடு. திட்டு வாங்க அவருக்கு நேரம் கிடையாது.

இருபத்து நாலு வருடமாக அந்தக் குடும்பம் அப்படித்தான் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. இருபது வயதில் வாழப்பாடியிலிருந்து கல்யாணமாகி மலையேறி வந்தவள் புவனேஸ்வரி. வந்த நாளிலிருந்து இந்தக் குளிரைத் திட்டுகிறாள். இறங்கிப்போக மட்டும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நாற்பது காப்பிச் செடியை அவளே பறிப்பாள், அவளே உலர்த்துவாள், அவளே சாக்கில் கட்டுவாள். ஓட்டின் மேல் ஏறும் குரங்குகளோடு தினம் ஒரு சண்டை. ரேஷன் கார்டில் பெயரைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று ஆபீசுக்கு நாலு நடை நடந்தாள். ஐந்தாவது நடையில் அதிகாரியே எழுந்து நின்று திருத்திக் கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். “எந்திரிச்செல்லாம் நிக்கல. கொஞ்சம் நகந்து உக்காந்தாரு, அவ்வளவுதான்” என்று அவளே அந்தக் கதையைத் திருத்துவாள்.

எல்லாம் கெட்டது கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனபால் சேலத்திலிருந்து நாற்பது பேரோடு ஏறி வந்துகொண்டிருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதிமூன்றாவதில், மேலிருந்து இறங்கிய வெளியூர்க் கார் ஒன்று நடு ரோட்டில் வந்து நின்றது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். கார்க்காரனுக்கு அது தெரியவில்லை. தனபால் கீழே இறங்கிப் போய்க் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். அவர் சொன்ன விதம் இரண்டு வளைவு கீழே வரைக்கும் கேட்டதாம். சொல்லி முடித்துத் திரும்பியவருக்குத் தலை சுற்றியது. ரோட்டோரத் தடுப்புச் சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு டிரைவர் வந்து பஸ்ஸை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து.

“தினம் காலையில இந்த மாத்திரை ஒண்ணு. உப்பைக் குறைங்க. கோபத்தைக் குறைங்க. தியானம் ஏதாவது பண்ணுங்க.”

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் டாக்டரம்மா சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பல நாள் புவனேஸ்வரி நினைத்தாள்.

பஸ் முதலாளி சந்திரசேகர் மறுநாளே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் விஷயத்துக்கு வரவில்லை.

“அண்ணே, நாப்பது பேரு உசுரு. ஒரு மாசம் ஊட்ல இருங்க. பிரஷர் கட்டுக்குள்ள இருக்குது, வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, அன்னிக்கே ஸ்டியரிங் உங்களுது. இல்லீன்னா நான் வேற ஆளத்தான் நிரந்தரமாப் போடோணும். தப்பா நெனச்சுக்காதீங்க.”

தனபால் தலையை ஆட்டினார். ஐம்பத்து மூன்று வயது. ஸ்டியரிங் போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்பது புவனேஸ்வரிக்கு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “புவனா, வெங்காயத்த எதுக்கு இப்படிக் குறுக்கால அரியற?” என்றார்.

அன்றைக்குத் தேதி ஒன்று. இன்னும் இருபத்தொன்பது நாள் இருந்தது.

பக்கத்து வீட்டு ஜெயமேரி ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல் வேலை பார்க்கிறாள். அந்தப் பங்களாவில் வாரா வாரம் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து தங்கித் தியானம் பழகுகிறார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அச்சடித்த தாள் ஒன்றை அவள் கொண்டுவந்து நீட்டினாள்.

“புவனாக்கா, இதுல ஆறு விதம் போட்டிருக்குது. எதுக்கு எதுன்னுகூட எழுதியிருக்குது. அண்ணனுக்குக் குடுங்க.”

“ஆறு எதுக்குடி? ஒண்ணு போதும்.”

தனபால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழாகப் படித்தார். புது டயரைத் தட்டிப் பார்க்கிறவரின் முகம் வந்துவிட்டது. “இருக்கட்டும். எல்லாத்தையும் ஒரு ட்ரையல் பாத்துருவோம்” என்றார்.

முதலில் மூச்சைக் கவனிப்பது. மனம் அடங்குவதற்கு என்று போட்டிருந்தது. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். வேறு ஒன்றும் செய்யாமல் இருப்பது தனபாலுக்கு வரவில்லை. “வலது மூக்கு அடச்சிருக்குது புவனா” என்றார். அரை மணி நேரம் கழித்து, “இப்ப இடது” என்றார். இரண்டு நாள் அந்த வீட்டில் அவர் மூக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை. நடுவில் குக்கர் விசில் அடித்தது.

“அந்தக் குக்கர நிறுத்து. கவனம் போவுது.”

“நீங்க மூச்சு விடுறீங்க. அதுவும் மூச்சு விடுது. அத மட்டும் ஏன் நிறுத்தச் சொல்றீங்க?”

அடுத்தது விளக்குச் சுடரைக் கண் கொட்டாமல் பார்ப்பது. அலைகிற கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதற்கு. சுடர் ஆடக் கூடாது என்று பட்டப்பகலில் ஜன்னல் கதவையெல்லாம் சாத்தினார். உள்ளே புவனேஸ்வரி மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். ஜெயமேரி கதவைத் திறந்து பார்த்தபோது, இருட்டில் ஒற்றை விளக்குக்கு முன்னால் தனபால் கண்ணீர் வடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

“ஐயோ, அண்ணனுக்கு என்னாச்சுக்கா?”

“ஒண்ணும் ஆகல. கவனம் கூர்மையாகுதாம். கதவச் சாத்திட்டுப் போ.”

பிறகு படுத்துக்கொண்டு உடம்பை ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்துவது. கால் கட்டைவிரலில் தொடங்கி, மெல்ல மேலே ஏறி, உச்சந்தலைக்கு வந்து முடிக்க வேண்டும். அசதிக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் என்று தாள் சொன்னது. தனபாலுக்குத் தூக்கம் வராமல் இருந்ததே கிடையாது. நாலு நாள் முயற்சி செய்தும் அவர் முழங்காலைத் தாண்டி மேலே போனதில்லை. கூடத்தின் நடுவில் குறட்டை விட்டுக் கிடந்தவரை, கொதிக்கிற சோற்றுப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு புவனேஸ்வரி தாண்டித் தாண்டிப் போனாள்.

நடந்துகொண்டே செய்கிற தியானம்தான் ஊருக்கே தெரிந்துபோனது. உட்கார்ந்தால் உடம்பு தரிக்காதவர்களுக்கு அது. ஒரு மூச்சுக்கு ஓர் அடி. பாதம் தரையைத் தொடுவதை உணர்ந்து உணர்ந்து வைக்க வேண்டும். வாசலில் காப்பிப் பழம் காயப்போட்டிருந்த தார்ப்பாயைச் சுற்றித் தனபால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முக்கால் மணி நேரம் நடந்தார். கையைத் தொங்கவிட்டு, காலை இழுத்து இழுத்து வைத்து நடப்பதை வழியில் போன, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் நின்று பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். கேட்டிருந்தால் பரவாயில்லை.

சாயங்காலம் மூன்று பெண்கள் ரொட்டிப் பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

“மனசத் தேத்திக்க புவனா. எந்தப் பக்கம் இழுத்துருச்சு?”

“எந்தப் பக்கமும் இழுக்கல. தியானம் பண்றாரு.”

“அப்படித்தான் சொல்லிக்கோணும். நம்ம மாதம்மாளோட மாமனாருக்கும் கால்லதான் ஆரம்பிச்சுது.”

மூன்று பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து, தனபாலைக் கூப்பிட்டு இரண்டு கையையும் தூக்கச் சொல்லிக் காட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் போனதும் அவர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே, “பரவால்ல, இனிப்பாத்தான் இருக்குது” என்றார்.

கோபத்துக்கென்றே ஒன்று தாளில் இருந்தது. அன்புத் தியானம். முதலில் தனக்கு, பிறகு தனக்குப் பிடித்தவர்களுக்கு, கடைசியில் தனக்குப் பிடிக்காத ஒருவருக்கு, ‘நல்லா இருக்கட்டும்’ என்று மனதார வாழ்த்த வேண்டும். புவனேஸ்வரி இதில்தான் நம்பிக்கை வைத்தாள். பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால், கண் மூடி உட்கார்ந்திருந்தவரின் முகம் காப்பிப் பழம் மாதிரி சிவந்திருந்தது.

“ஏனுங்க, யார நெனச்சிட்டிருக்கீங்க?”

“அந்தக் கார்க்காரன.”

“என்னன்னு?”

“நல்லாருக்கட்டும்னுதான். லைசென்சப் புடுங்கிட்டு, நல்லாருக்கட்டும்.”

ஒரு நாள் முழுக்க மௌனம் என்று இன்னொன்று. யாராவது ஒன்று சொன்னதும் பாய்ந்து பதில் சொல்கிற பழக்கம் குறைவதற்கு. பேசாத தனபால் கை தட்டித் தண்ணீர் கேட்டார். மேஜையைத் தட்டிச் சட்னி கேட்டார். விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். அது தோசையா, மின்விசிறியா, கண்ணாடியா என்று கண்டுபிடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. “வாயத் தொறந்து கேளுங்க, இல்லீன்னா கம்முனு கெடங்க” என்று அவள் கத்தியது பக்கத்து எஸ்டேட்டில் பழம் பறித்தவர்களுக்குக் கேட்டது. மௌனத்தில் இருந்தவர் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற மருந்துக் கடையில் பிரஷர் பார்த்தார்கள். நூற்று எழுபத்தெட்டு, நூற்று நாலு.

தனபாலும் அவளும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். புது டிரைவர் ஓட்டிய அவருடைய பஸ். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததைப் புவனேஸ்வரி பார்த்தாள். இத்தனை நாள் மாத்திரையும் போட்டு, இத்தனை கூத்தும் அடித்து, ஏன் இறங்கவில்லை? வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்தாள். பதினாறு நாளில் மூன்று மாத்திரைதான் குறைந்திருந்தது.

“ஏனுங்க, இதென்ன?”

“அதா? நிறுத்தி வெச்சிருக்கறேன்.”

“எதுக்கு?”

தனபால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். “இதப் பாரு புவனா. வண்டி இழுக்கலைன்னா நல்ல மெக்கானிக் என்ன பண்ணுவான்? ஒரே நாள்ல பில்டரையும் மாத்தி, பம்பையும் மாத்துனா, எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணாத்தான் மாத்திப் பாக்கோணும். மொதல்ல தியானம். அது ஒத்து வரலீன்னா அப்புறமேட்டுக்கு மாத்திரை. முப்பது வருசமா வண்டியோட இருக்கறேன், எனக்குத் தெரியாதா?”

வாழப்பாடியில் புவனேஸ்வரியின் அண்ணன் மாத்திரையை நிறுத்திப் பார்த்தவர்தான். இரண்டு வருடமாக இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். அட்டையை அழுத்தி ஒரு மாத்திரையை அவள் வெளியே எடுத்தாள்.

“வளைவுல பிரேக் புடிக்கல. மொதல்ல எந்த பார்ட்ஸுன்னு ஒவ்வொண்ணா மாத்திப் பாத்துட்டு, அப்புறமா வண்டிய நிறுத்துவீங்களா?”

மாத்திரையையும் தண்ணீர்ச் செம்பையும் அவர் முன்னால் நீட்டினாள்.

“முழுங்குங்க. என் கண்ணு முன்னால. வாயத் தொறந்து காட்டுங்க. நாக்கத் தூக்குங்க.”

அன்றைக்கே அவள் பங்களாவுக்கு நடந்து போனாள். ஜெயமேரி தடுத்துப் பார்த்தாள், முடியவில்லை. தியானம் சொல்லிக் கொடுக்கிற பிரபாகர் பின்கட்டுக் குழாயில் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். சாமியார் மாதிரி இருப்பார் என்று நினைத்து வந்தவளுக்கு, முழங்கால் வரை பேண்ட்டை மடித்து விட்ட ஆளைப் பார்த்ததும் கோபம் கொஞ்சம் தடுக்கி விழுந்தது. சமாளித்துக்கொண்டாள்.

“உங்க தியானத்த நம்பி எங்கூட்டுக்காரரு பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டாருங்க. அந்தத் தாள்ல மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு ஒரு வரி போட்டா அச்சு மை தீந்து போயிருமுங்களா?”

பிரபாகர் ஈரக் கையோடு நின்றார். “இங்க வர்றவங்ககிட்ட மொத நாளே வாயால சொல்லிருவோம்மா. தாள்ல போடல. தப்புத்தான். போட்டுடறேன்.”

தப்பு என்று உடனே ஒத்துக்கொள்கிற ஆம்பளையைப் புவனேஸ்வரி அதிகம் பார்த்ததில்லை. மேலே எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. பதினாறு நாள் கதையையும் சொன்னாள். மூக்கு, விளக்கு, குறட்டை, ரொட்டிப் பாக்கெட்டு. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“ஆறையும் அவர் ஏன் பண்ணினாரு? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலைக்குத்தான். சுடரைப் பாக்கறது கவனம் சிதறுறவங்களுக்கு. அவருக்குக் கவனம் சிதறுதா?”

“இருபது வளைவுல பஸ் ஓட்டறவருங்க. அதெல்லாம் சிதறாது.”

“உடம்பத் தளத்தறது தூக்கம் இல்லாதவங்களுக்கு.”

“அவரு குறட்டைக்கு எங்கூட்டு ஓடு நகருதுங்க.”

“அன்புத் தியானம் நல்லதுதான். ஆனா எடுத்த எடுப்புல பெரிய எதிரிகிட்டப் போகக் கூடாது. சின்னச் சின்ன மனஸ்தாபத்துல ஆரம்பிச்சு, மெல்ல மெல்ல வரணும்.”

“அதுக்கு எங்களுக்கு நாள் இல்லீங்க. பதினாலு நாள்தான் இருக்குது.” புவனேஸ்வரிக்குப் பொறுமை தீர்ந்தது. “எங்கூட்டுச் சமையக்கட்டுல ஆறு கரண்டி இருக்குது. தோசைக் கரண்டில சாம்பார மொள்ள மாட்டேன். எங்காளுக்கு எந்தக் கரண்டி? அத மட்டும் சொல்லுங்க.”

அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். “அவரு எங்க இருந்தா நிம்மதியா இருப்பாரு?”

“பஸ்ஸுல.”

“அப்ப அங்கயே இருக்கச் சொல்லுங்க. கண்ண மூடி, பழகின ரோட்டுல மெதுவா வண்டி ஓட்டற மாதிரி மனசுல பாக்கட்டும். மூச்ச இழுக்கறதவிட, விடறது நீளமா இருக்கட்டும். அவ்வளவுதான். மாத்திரையோட.”

மறுநாள் காலை மாத்திரை போட்டதும் தனபால் கண்ணை மூடி உட்கார்ந்தார். முதன்முறையாக மூக்கைப் பற்றிப் பேசவில்லை. புவனேஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் அவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“எங்க இருக்கீங்க?”

“பதினொண்ணாவது வளைவு. ஏறிட்டிருக்கறேன். முன்னாடி ஒரு டூரிஸ்ட் வேன், வழியும் விடமாட்டேங்கறான், ஓரமும் போக மாட்டேங்கறான்.”

“ஏனுங்க, இது உங்க மனசுக்குள்ள ஓடற ரோடுதான? காலியா வெச்சுக்கலாமில்ல?”

தனபால் கண்ணைத் திறந்தார். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. “ஞாயித்துக்கெழம பதினொரு மணிக்குக் காலி ரோடா? அது பொய்யில்ல?”

புவனேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். இந்த மனிதருக்குக் கற்பனையில்கூட விதியை மீற வராது. “அப்ப திங்கக்கெழம வெச்சுக்குங்க. காலையில அஞ்சரை ட்ரிப்பு. ஏறாதீங்க, எறங்குங்க. அந்நேரத்துக்கு எவன் வர்றான்?”

“பனியிருக்குமே.”

“பனியிருந்தா மெதுவாப் போங்க. அதுக்குத்தான் சொல்றது.”

“ஆளில்லாம வண்டிய எடுக்கச் சொல்றியா?”

“நாலு பேர ஏத்திக்குங்க. வாந்தி எடுக்காத நாலு பேர.”

அதற்கு அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் தானாகப் போக வரவில்லை. மூன்று வளைவு தாண்டுவதற்குள் எங்கிருந்தாவது ஒரு கார் வந்துவிடும். வேறு வழியில்லாமல் புவனேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து கண்டக்டர் வேலை பார்த்தாள். “இருபது. மூச்ச விடுங்க. இன்னும் விடுங்க. பத்தொம்பது.” மலையிலிருந்து இறங்கும்போது எண்ணிக்கையும் இறங்கும். காலையில் ஒரு ட்ரிப், சாயங்காலம் ஒரு ட்ரிப். பதினாலாவது வளைவு வரும்போது அடுப்பில் குழம்பு அடிபிடிக்கும். எழுந்து போக முடியாது. போனால் வண்டி அங்கேயே நிற்கும். ஒரு நாள் அவசரத்தில் ஒன்பதிலிருந்து ஏழுக்குத் தாவினாள்.

“எட்டு எங்க?”

“எட்டுல ரோடு வேலை நடக்குது. போங்க.”

“ரோடு வேலை நடந்தா இன்னும் மெதுவாத்தான் போகோணும்” என்று அவர் திரும்ப ஒன்பதுக்கு வந்தார். அந்த வாரத்தில் மூன்று குழம்பு அடிபிடித்தது. வாசலில் காய்ந்த காப்பியில் பாதியைக் கோழி கிளறியது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்குப் பதில் ஒரு லாரியைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று ஜெயமேரியிடம் சொன்னாள். ஆனால் இருபத்தைந்தாம் நாள் வாக்கில் ஒன்று கவனித்தாள். ஐந்தாவது வளைவுக்குக் கீழே அவள் எண்ணாவிட்டாலும் அவர் மூச்சு தானாக நீண்டது. கால் தரையில் சும்மா கிடந்தது.

முப்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரிசையில் நடுவில் புகுந்த ஒருவரிடம் தனபால் நியாயம் கேட்டார். கேட்ட சூட்டிலேயே தனபாலின் முறை வந்துவிட்டது. நர்ஸம்மா பார்த்தார். நூற்று ஐம்பத்தாறு, தொண்ணூற்றெட்டு.

“இப்படி இருந்தா டாக்டர் எழுத மாட்டாங்க. போய்ப் பத்து நிமிஷம் பேசாம உக்காருங்க. மறுபடி பாக்கலாம்.”

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் புவனேஸ்வரி அதற்கு முன் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை; தலை சுற்றி உட்கார்ந்துவிட்ட அன்றைக்குக்கூட இல்லை. அவர் கண்ணை மூடினார். அவளுக்கு ‘இருபது’ என்று சொல்ல நாக்கு துடித்தது. சுற்றிலும் ஜனம். ஒரு குழந்தை ஊசிக்குப் பயந்து ஊரைக் கூட்டியது. யாரோ ஒருவர் போனில் வாழைத்தார் விலை பேசினார். அவர்களையெல்லாம் எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர அவள் உடம்பெல்லாம் அரித்தது. கேட்டால் இவர் கண்ணைத் திறந்துவிடுவார். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். நாற்பத்து நாலு வருடத்தில் அவள் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான்.

பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. இருபது, என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொன்று. பத்தொன்பது. அவர் அவசரப்படவில்லை. நர்ஸம்மா கதவைத் திறந்து “தனபால்!” என்று கூப்பிட்டபோது, புவனேஸ்வரி தன்னை அறியாமல் கையை நீட்டித் தடுத்தாள்.

“கொஞ்சம் இருங்க. இன்னும் ஆறு வளைவு இருக்குது.”

நர்ஸம்மா அவளைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். வாழைத்தார்க்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். தனபால் அடிவாரம் போய்ச் சேர்ந்து, வண்டியை நிறுத்தி, கண்ணைத் திறந்தார்.

நூற்று முப்பத்தாறு, எண்பத்தாறு.

டாக்டரம்மாவே இன்னொரு முறை பார்த்தார். அதேதான். “பரவாயில்லையே. தியானம் பண்ணுனீங்களா? என்ன தியானம்?”

“சேலம் ட்ரிப்புங்க” என்றார் தனபால்.

“மாத்திரையும் போட்டாருங்க” என்றாள் புவனேஸ்வரி. “கடைசி பதினாலு நாளா நாந்தான் வாயத் தொறந்து பாத்துப் பாத்துப் போட்டேன். அதையும் எழுதிக்குங்க.”

டாக்டரம்மா எழுதினார். மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாதா மாதம் வந்து காட்ட வேண்டும், இப்போதைக்கு வண்டி ஓட்டலாம். சந்திரசேகருக்குத் தனபால் அங்கேயே நின்று போன் போட்டார். “நாளைக்கு அஞ்சரைக்கு வந்துருங்கண்ணே” என்று அந்தப் பக்கம் சொன்னது இவளுக்கும் கேட்டது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். “புவனா” என்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“அழுதீங்கன்னா திரும்பவும் ஏறிரும். கம்முனு வாங்க.”

ஒண்டிக்கடையில் நாகலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவரை ஏற்றி உட்கார வைத்தாள்.

“நீ வரல?”

“அடுத்த பஸ்ஸுல வர்றேன். ஒரு மணி நேரம் எங்கிட்ட யாரும் பேசக் கூடாது. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கக் கூடாது.”

பஸ் போனது. பஜ்ஜிக் கடையில் வெளி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கினாள். வாயில் வைக்கும்போது போன் அடித்தது.

“புவனா, இந்தப் புதுப் பையன் கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே எறக்கறான். இவன்கிட்ட வண்டியக் குடுத்து ஒரு மாசத்துல...”

“கண்ண மூடுங்க” என்றாள். போனை அணைத்துப் பையின் அடியில், தேங்காய்க்குக் கீழே போட்டாள். அதற்குள் மலைக் குளிரில் பஜ்ஜி ஆறிப் போயிருந்தது. தட்டைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

“இத எடுத்துக்குங்க. சூடா வேற போடுங்க. அவசரமே இல்ல.”